தனக்கு உரியவை எத்தனை?

மதுரையிலிருந்து மேற்கே செல்லும் வழிப்போக்கர், ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தவுடன் வேறொரு நாட்டினுள் புகுந்தாற்போல் உணர்வர். தேனியைத் தாண்டித் தென்மேற்கே செல்லச் செல்ல, இருபுறமும் மலைகள் நெருங்கி வருகின்றன. அவற்றின் இடையே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. நெல் வயலும், வாழைத் தோட்டமும், தென்னந்தோப்பும், பந்தலிலே படர்ந்த திராட்சைக் கொடியும் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை பசுமை பரப்பி நிற்கின்றன. இவ்வூர்ப் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதுவே கம்பம் பள்ளத்தாக்கு.

இப்பசுமைக்குக் காரணமான நீர் முழுவதும் இப்பள்ளத்தாக்கிற்கே உரியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபுறத்தில் பிறந்து, மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை, கர்னல் ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் தலைமையில் அணை கட்டித் தடுத்தனர். 1895ஆம் ஆண்டில் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்க வழியே அந்நீர் கிழக்கு நோக்கி இறங்கி, முல்லையாற்றின் வழியே பள்ளத்தாக்கில் ஓடி, வைகையோடு சேர்கின்றது. பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலம் இந்நீரை நம்பியே உள்ளது. வைகையோ வருசநாட்டு மலையிலே தோன்றுவது. 1959ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வைகை அணையின் கரையில் நின்று ஒரு கை நீரை அள்ளி, ‘நீ வருசநாட்டில் பிறந்தாயா, மலைக்கு அப்பாலிருந்து வந்தாயா?’ என்று வினவினால் விடை கிடைக்குமா? கிடையாது. தனக்கு உரியதும் பிறிதோரிடத்திலிருந்து வந்ததும் அங்கே ஒன்றாய்க் கலந்துவிட்டன.

கணிப்பொறியின் மொழிகளுள் ஒன்றில் இதே வினா வேறொரு வடிவில் எழுகின்றது. அங்கே விடை உண்டு. ஆயினும் கேட்கும் முறையறிந்து கேட்டால்தான் அவ்விடை கிட்டும்.

அம்மொழியின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவிகளுக்குள் இயங்குவது அது. பெரியாற்று அணை திறந்த ஆண்டிற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் ஆக்கினார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பொன்றும் இல்லை. ஆண்டை நினைவில் வைத்தல் எளிதாகும் என்றே இங்குக் கூறினேன்.

ஜாவாஸ்கிரிப்டில் செய்திகளைத் தொகுத்து வைக்கும் அமைப்பைப் ‘பொருள்’ என்பர். ஒரு பெயர், அப்பெயருக்கு ஒரு மதிப்பு என்று இணையிணையாகச் செய்திகள் அதனுள் இருக்கும். அவ்விணை ஒவ்வொன்றையும் அப்பொருளின் ‘பண்பு’ என்கிறோம். விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம்.

முல்லையாற்றிலிருந்து பிரியும் சிறு வாய்க்கால் ஒன்று. அதன் கடைசி மடையில் ஒரே பரப்புடைய ஆறு வயல்கள் உள்ளன. வாரத்தில் ஒரு நாள், காலை ஆறு மணி தொடங்கி மறுநாள் காலை ஆறு மணி வரை, இருபத்து நான்கு மணி நேரம் நீர் இவர்களுடையது. அதனை ஆறு பேரும் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞன், தன் தந்தைக்கும் அயலார்க்கும் உதவ எண்ணி, இம்முறையைக் கணிப்பொறியில் எழுதுகிறான். ‘முறை’ என்னும் பொருளில் மேட்டுவயல், பள்ளவயல், புளியடிவயல், கிணற்றடிவயல், கோவில்வயல், பாதைவயல் என ஆறு பண்புகள். ஒவ்வொன்றின் மதிப்பும் அவ்வயலின் பரப்பு. எல்லாவற்றிற்கும் ஓர் ஏக்கர். இருபத்து நான்கை வயல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு உரிய நேரம் வந்துவிடும். வயலை எண்ணுவது நிரலின் வேலை.

வேலை எளிதே. ஆனால் அவ்விளைஞன் இன்னொன்றும் செய்திருந்தான். அதே வாய்க்காலில் மேலும் பல மடைகள் உண்டாதலின், எல்லாவற்றிற்கும் பொதுவான செய்திகளைத் தனித்தனியே எழுதாமல், ‘வாய்க்கால்’ என்னும் வேறொரு பொருளில் ஒரே முறை எழுதினான். ஆற்றுப்பெயர், ஊர்ப்பெயர் என்னும் இரண்டு பண்புகள் அதில் இருந்தன. பிறகு ‘ஆப்ஜெக்ட்.கிரியேட்’ என்னும் கட்டளையால், வாய்க்கால் என்னும் பொருளை மூதாதையாகக் கொண்டே ‘முறை’ என்னும் பொருளைப் படைத்தான்.

மூதாதை என்ற சொல்லை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் ஏறத்தாழ ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய ஒரு முன்னோன் உண்டு. இக்கருத்தை ஐக் என்பார் 1980களில் உருவான செல்ஃப் என்னும் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு பொருளிடம் ஏதேனும் ஒரு பண்பைக் கேட்டால், முதலில் அது தன்னிடம் தேடும். இல்லையெனில் தன் முன்னோனிடம் தேடும். அங்கும் இல்லையெனில் முன்னோனின் முன்னோனிடம் செல்லும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாய் மேலேறி, ‘ஆப்ஜெக்ட்.புரோட்டோடைப்’ எனப்படும் ஆதி மூலத்தை அடையும். அதற்கு மேல் யாரும் இல்லை. வழியில் எங்குக் கிடைத்தாலும், கிடைத்ததைக் கேட்டவர் கையில் கொடுத்துவிடும். ‘இஃது என்னுடையது’ என்றோ, ‘இஃது என் பாட்டனுடையது’ என்றோ ஒரு சொல்லும் சொல்லாது!

நம் ஊர்களில் சொத்துப் பற்றிப் பேசுவோர், தான் உழைத்துத் தேடியதைச் சுயார்ஜிதம் என்றும், முன்னோர் வழி வந்ததைப் பிதுரார்ஜிதம் என்றும் பிரித்துச் சொல்வர். ஜாவாஸ்கிரிப்டின் மரபுரிமை அப்பிதுரார்ஜிதத்திற்கு முற்றிலும் ஒப்பானதன்று. இங்கே பாட்டன் சொத்து பேரனுக்குக் கைமாறுவதில்லை, பாட்டனிடமேதான் இருக்கின்றது. பாட்டன் தோட்டத்து மாமரத்தில் பேரன் வேண்டும்போது காய் பறிப்பது போன்றது அது. மரம் பட்டுப்போனால் அன்றே பேரனுக்கும் காய் இல்லை. பாட்டன் அதே தோட்டத்தில் புதிதாய் ஒரு கொய்யா வைத்தால், பேரப்பிள்ளைகள் அனைவர்க்கும் அன்றே கொய்யா உண்டு. பெரியாற்றில் நீர் குறைந்த ஆண்டில் கம்பத்து வயலும் காய்வது போல என்றும் கொள்ளலாம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இளைஞன் தன் நிரலில் ‘ஃபார்–இன்’ என்னும் சுற்றைப் பயன்படுத்தினான். ஒரு பொருளின் பண்புகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டும் பழைய வழி அது. ஒவ்வொரு பண்பைக் காணும்போதும் ஒன்று கூட்டிக்கொண்டே போனான். சுற்று முடிந்தபோது விடை எட்டு!

வயல்கள் ஆறுதானே, எட்டு எங்ஙனம் வந்தது? ஃபார்–இன் சுற்று பொருளின் சொந்தப் பண்புகளோடு நிற்பதில்லை. முன்னோன் வரை சென்று அங்குள்ளவற்றையும் எடுத்து வந்து காட்டும். ஆற்றுப்பெயரும் ஊர்ப்பெயரும் இவ்வாறே இரண்டு வயல்களாய் நுழைந்துவிட்டன.

அதன் விளைவைப் பாருங்கள். இருபத்து நான்கை எட்டால் வகுக்க, ஒருவருக்கு மூன்று மணி நேரம் என நிரல் கூறியது. காலை ஆறு மணிக்குத் தொடங்கிய முறை, ஆறாவது வயலோடு நள்ளிரவில் முடிந்துவிட்டது. நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஆறு மணி வரை மடைநீர் ‘ஆற்றுப்பெயர்’ என்பவருக்கும் ‘ஊர்ப்பெயர்’ என்பவருக்கும் உரியது என்று பட்டியல் சொல்லிற்று. அப்பெயருடையார் யாரும் மண்வெட்டியோடு வரவில்லை. மடையில் காத்திருந்த நீர் வீணே ஓடியது. உரியவர் ஒவ்வொருவரும் தமக்குரிய நான்கு மணியில் ஒரு மணியை இழந்தனர். கோடையின் கடைசித் தண்ணீராயின் அவ்வொரு மணி நேரம் கதிர் முற்றுவதற்கும் பதராவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆதி மூலமாகிய ஆப்ஜெக்ட்.புரோட்டோடைப்பிலும் பல பண்புகள் உள்ளனவே, அவை ஏன் எண்ணிக்கையில் சேரவில்லை என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. பண்பு ஒவ்வொன்றிற்கும் ‘எண்ணத்தக்கது’ அல்லது ‘எண்ணத்தகாதது’ என ஒரு குறி உண்டு. மொழியை ஆக்கியோர் ஆதி மூலத்தின் பண்புகளை எண்ணத்தகாதவை என்று குறித்து மறைத்து வைத்தனர். நாம் சாதாரணமாக எழுதும் பண்புகளோ எண்ணத்தக்கவை. ஆகவே, நிரல் எழுதுவோர் எவரேனும் தம் வசதிக்காக ஆதி மூலத்திலேயே புதுப் பண்பு ஒன்றைச் சாதாரணமாகச் சேர்த்துவிட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பொருள்களின் ஃபார்–இன் எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும். முற்காலத்தில் சிலர் அவ்வாறு செய்து, பிறர் எழுதிய நிரல்களைக் கெடுத்ததும் உண்டு. தலைமடையில் ஒருவர் கல்லைப் போட, கடைமடையில் உள்ளவர் காரணம் அறியாமல் திகைத்தது போல் அது முடிந்தது.

இப்பிழையினின்று தப்ப முதலில் வந்த கருவி ‘ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி’ என்பது. மொழியின் மூன்றாம் பதிப்பில், 1999ஆம் ஆண்டில், அது இடம் பெற்றது. சுற்றில் வரும் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, ‘நீ இப்பொருளுக்கே உரியவனா?’ என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் கணக்கில் சேர்ப்பது இதன் முறை. மொசில்லா வகை உலாவிகளில் எண்ணிக்கையை நேரே சொல்லும் ஒரு மறைவான பண்பும் சில காலம் இருந்தது. எல்லா உலாவிகளுக்கும் பொதுவாகாத அது, 2011ஆம் ஆண்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 4ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதனை நம்பி எழுதியவர்கள் மீண்டும் எழுத நேர்ந்தது.

2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே நேர்வழியைத் தந்தது. ‘ஆப்ஜெக்ட்.கீஸ்’ என்னும் கட்டளை, ஒரு பொருளுக்கே உரிய, எண்ணத்தக்க பண்புகளின் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துத் தரும். முன்னோனிடம் அது செல்வதே இல்லை. பட்டியலின் நீளம் எதுவோ அதுவே எண்ணிக்கை. ஆதலால்,

ஆப்ஜெக்ட்.கீஸ்(முறை).லெங்த்

என்று ஒரே வரி எழுதினால் போதும். நிரலில் இம்மொழிச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுத வேண்டும். முறை என்னும் பெயரையும் வயல்களின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், மொழி அதற்கு இடந்தருகின்றது. விடை ஆறு. வைகைக் கரையில் அள்ளிய நீர் சொல்லாத விடையைப் பொருள் சொல்லிவிடுகின்றது. ஆற்று நீர் கலந்தபின் பிரியாது. இங்கோ கலந்தது போல் தோன்றினும் கலப்பே நிகழவில்லை.

இத்துடன் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டா. நம் இளைஞனின் கணக்கில் இன்னும் மூன்று இடங்களில் இடறல் நேரக்கூடும்.

கிணற்றடிவயலுக்கு உரியவர், ‘என் கிணற்றிலேயே நீர் இருக்கிறது தம்பி, இந்த வாரம் எனக்கு முறை வேண்டா’ என்று கூறுகிறார் எனக் கொள்வோம். இளைஞன் அவ்வயலின் மதிப்பைச் சுழியாக மாற்றுகிறான். எண்ணிக்கை ஐந்தாகுமா? ஆகாது, ஆறாகவே இருக்கும். மதிப்பு சுழியானாலும், ஏன், மதிப்பே வரையறுக்கப்படாததாயினும், பெயர் இருக்கும் வரை பண்பும் உண்டு. வருகைப் பதிவேட்டில் வராதவர் பெயரும் இருப்பது போன்றது அது. ‘டிலீட்’ என்னும் கட்டளையால் அப்பண்பையே நீக்கினால்தான் ஐந்தாகும். அப்போது ஒவ்வொருவருக்கும் நான்கு மணி நாற்பத்தெட்டு நிமிடம் கிட்டும்.

இரண்டாவது, ஒரே பெயர் இரு வயல்களுக்கு இருத்தல். ஒரு பொருளில் ஒரு பெயர் ஒரு முறைதான் இருக்கக் கூடும். மற்றொரு புளியடிவயலைச் சேர்த்தால், பின்னது முன்னதை அழித்து அதன் இடத்தில் அமர்ந்துவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. ஒரு குடும்பம் ஓசையின்றிப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். கூடுதலாய் எண்ணிய பிழையினும் இது கொடியது. ஏனெனில் அங்கே எல்லாரும் சிறிது இழந்தனர், இங்கே ஒருவர் முழுதும் இழக்கிறார். பெயருக்குப் பதிலாகப் புல எண்ணைப் பயன்படுத்தினால் இது தீரும். ஆயின் 212, 87 என்று வெறும் முழு எண்களைப் பெயராக இட்டால், நாம் எழுதிய வரிசையை விடுத்து, சிறிய எண்ணை முன்னும் பெரிய எண்ணைப் பின்னுமாக அடுக்கித் தருவது இம்மொழியின் வழக்கம். முறைப் பாசனத்தில் வரிசை மாறினால் வாய்ச்சண்டை நிச்சயம். உட்பிரிவோடு சேர்த்து 87/2 என்பது போல் எழுதினால், அது முழு எண்ணாகக் கொள்ளப்படாது. எழுதிய வரிசையே நிற்கும்.

மூன்றாவது இடறல் தமிழர்க்கே சிறப்பாக உரியது. கோவில்வயல் என்னும் பெயரின் முதலெழுத்தை நோக்குங்கள். ‘கோ’ என்பதைக் கணிப்பொறி இருவகையாகச் சேமிக்கக் கூடும். ககரத்தின் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று என்பது ஒரு வகை. ககரம், அதன்பின் ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, அதன்பின் கால் என மூன்றாய்ச் சேமிப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நம் கண்ணுக்கு ஒரு கோவில்வயல். பொருளுக்கோ இரண்டு வேறு பெயர்கள்! ஒரு நாள் ஒரு விசைப்பலகையிலும், மறுநாள் வேறொன்றிலும் பெயரை உள்ளிட்டால், ஆறு வயல் ஏழாகிவிடும். எத்தனை முறை பட்டியலை உற்று நோக்கினும் பிழை புலப்படாது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த ‘நார்மலைஸ்’ என்னும் கட்டளை இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கித் தரும். பெயரைப் பட்டியலில் சேர்க்கும் முன்னரே அதனை இயக்கிவிட வேண்டும்.

சொந்தப் பண்பு என்பதிலும் வகைகள் உண்டு. எண்ணத்தகாதவை என்று குறிக்கப்பட்ட சொந்தப் பண்புகளும், 2015இல் புகுந்த ‘சிம்பல்’ என்னும் வகைப் பெயருடைய பண்புகளும் ஆப்ஜெக்ட்.கீஸ் தரும் பட்டியலில் வாரா. அவற்றையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் எண்ண வேண்டுவோர் ‘ரிஃப்ளெக்ட்.ஓன்கீஸ்’ என்பதைக் கேட்பர். மூன்று வயல்களை ஒரு வரிசைப் பட்டியலாக எழுதி இவ்வாறு கேட்டால் நான்கு என்று விடை வரும். பட்டியல் தன் நீளத்தையும் தன் சொந்தப் பண்பாகவே வைத்திருக்கின்றது. இரண்டு விடையும் மெய்யே. வயலுக்கு நீர் பங்கிடுவோனுக்கு வேண்டியது மூன்று. பொருளை உள்ளும் புறமும் ஆராய்வோனுக்கு வேண்டியது நான்கு.

நம் இளைஞன் இறுதியில் என்ன செய்திருக்கலாம்? பெயர்கள் அடிக்கடி சேர்வதும் நீங்குவதுமாய் உள்ள இத்தகைய பட்டியலுக்கு, 2015ஆம் ஆண்டுப் பதிப்பு ‘மேப்’ என்னும் தனி அமைப்பைத் தந்துள்ளது. அதில் நாம் இட்டவை மட்டுமே இருக்கும். முன்னோன் வழி வந்தது எதுவும் அவற்றோடு கலவாது. இட்ட வரிசையும் மாறாது, பெயர் 87 ஆயினும் 212 ஆயினும். எண்ணிக்கையை ‘சைஸ்’ என்னும் பண்பே நேரே சொல்லிவிடும். சுற்றிச் சுற்றி எண்ண வேண்டியதில்லை. என் கருத்தில், இம்மொழி தொடக்கத்திலேயே இதனைப் பெற்றிருந்தால் ஃபார்–இன் விளைத்த குழப்பம் பாதியாவது குறைந்திருக்கும்.

அவ்வாறு மாற்றி எழுதிய நிரலில் ஆற்றுப்பெயரும் ஊர்ப்பெயரும் பட்டியலின் தலைப்பில் மட்டும் நிற்கும். எண்ணிக்கை ஆறு, ஒருவருக்கு நான்கு மணி. மேட்டுவயலுக்குக் காலை ஆறு மணிக்கு மடை திறக்கும். பாதைவயலுக்கு உரியவர் மறுநாள் அதிகாலை இரண்டு மணிக்குக் கைவிளக்கோடும் மண்வெட்டியோடும் வரப்பில் வந்து நிற்பார். ஆறு மணிக்கு அவர் மடையை அடைக்கும்போது, கிழக்கே மலைமேல் வெளிச்சம் படர்ந்திருக்கும்.